ஏடும் பண்ணும்: ஜெண்டூவில் ஒரு பொதியைத் தேடுவது

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துப் பார்க்கத் தைரியம் வந்தது. கடலூர் முதுநகர் வீட்டுப் பரணில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. உள்ளே பதினான்கு கோப்புகள். எல்லாம் 2001க்கும் 2003க்கும் இடையில் அவர் ஒற்றை விரலால் அடித்தவை. "உங்க ஆயா பாடுன ஒப்பாரி எல்லாம் அதுலதாண்டா இருக்கு, ராத்திரி ராத்திரியா உக்காந்து அடிச்சாரு" என்று அம்மா சொன்னாள். திறந்தேன். ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகள், பவுண்டு குறி, கால் அரை என்று பின்னங்கள், இடையிடையே வெறும் கட்டங்கள். தொண்ணூறுகளின் கடைசியில் தமிழ் இணையத்தில் புழங்கியவர்களுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிடும்: திஸ்கி.

யூனிகோடு பரவலாகும் முன் தமிழுக்கு ஆளாளுக்கு ஒரு குறியேற்றம் இருந்தது. ஒரு எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் கோழி கிளறிய குப்பை. அதற்கு ஒரு பொது வழியாக, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கியது திஸ்கி. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் ஆரம்பகால மின்னூல்கள் பலவும் அதில்தான் வந்தன. அதில் ஒரு விசேஷம் உண்டு. 'கெ' என்று எழுதும்போது நம் கை முதலில் கொம்பைத்தான் போடுகிறது. திஸ்கியும் அதே வரிசையில் சேமிக்கும். யூனிகோடில் முதலில் க, பிறகுதான் கொம்பு. ஆகவே இந்த எண்ணுக்குப் பதில் அந்த எண் என்று அட்டவணை போட்டு மாற்றிவிட முடியாது. வரிசையைக் கலைத்து மறுபடி அடுக்கத் தெரிந்த ஒரு நிரல் வேண்டும்.

என் மடிக்கணினியில் ஓடுவது ஜெண்டூ லினக்ஸ். அதன் பொதிக் களஞ்சியத்தில் தமிழ் என்று தேடினேன், திஸ்கி என்று தேடினேன், எழுத்துரு மாற்றி என்று தேடினேன். உருப்படியாக ஒன்றும் வரவில்லை. யாரோ இருபது வருடம் முன்பு எழுதி விட்டுப்போன ஒரு மாற்றியின் மூலநிரல் ஒரு மூலையில் கிடைத்தது. அதைக் கம்பைல் பண்ண உட்கார்ந்தேன். அது பழைய நூலகம் ஒன்றைக் கேட்டது. அந்த நூலகம் இன்னும் பழையது ஒன்றைக் கேட்டது. நான்கு ராத்திரி போயிற்று. ஐந்தாம் நாள் வேறு ஏதோ வேலைக்காக, ஐகான்வ் என்ற சின்னக் கட்டளைக்குத் தெரிந்த குறியேற்றங்களின் பட்டியலை உருட்டிக்கொண்டிருந்தபோது, கீழே திஸ்கி என்று ஒரு பெயர். ஐகான்வ், ஜிலிப்ஸி என்ற அடிப்படை நூலகத்தோடு வருவது. லினக்ஸ் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை அதன்மேல்தான் நிற்கின்றன. ப்ரூனோ ஹைபிள் என்ற ஜெர்மானிய நிரலாளர் 2000களின் தொடக்கத்திலேயே திஸ்கிக்கான மாற்றியை அதற்குள் எழுதி வைத்துவிட்டார். நான் தேடிய பொருளை முதல் நாளே நிறுவியிருந்தேன். போதாததற்கு என் கையாலேயே கம்பைல் பண்ணியிருந்தேன்.

சிதம்பரத்தில் திரையை விலக்கினால் ஒன்றும் இருக்காது, அதுதான் ரகசியம் என்பார்கள். எனக்கு நேர்ந்தது அதற்குத் தலைகீழ்.

இது என் அசட்டுத்தனம் என்று முடித்துக்கொள்ளலாம். ஒரு பாதி அப்படித்தான். மறு பாதி ஜெண்டூ என்ற படைப்பைப் பற்றியது. விமர்சனம் என்று எழுத உட்கார்ந்தது அந்த மறு பாதியைத்தான்.

கணினிக்காரர் அல்லாத வாசகருக்கு இரண்டு வரி. பெரும்பாலான இயங்குதளங்கள் மென்பொருளை மாவு பாக்கெட் மாதிரி தருகின்றன. வாங்கி ஊற்ற வேண்டியதுதான். ஜெண்டூ அரிசியும் உளுந்தும் தரும். ஊறப்போட்டு அரைப்பது உங்கள் பொறுப்பு. உளுந்தைக் கூட்டலாம், வெந்தயம் போடலாம், உங்களுக்கு ஆகாததை விடலாம். டேனியல் ராபின்ஸ் தொடங்கிய இதன் முதல் முழுப் பதிப்பு 2002 மார்ச் கடைசியில் வந்தது. பொதிகளைக் கையாளும் பகுதிக்குப் பெயர் போர்ட்டேஜ். எஃப்ரீபிஎஸ்டியின் போர்ட்ஸ் முறையைப் பார்த்துச் செய்தது. பலர் அறியாமலே பயன்படுத்தும் குரோம் ஓஎஸ்ஸும் போர்ட்டேஜைக் கொண்டுதான் கட்டப்படுகிறது.

பெயர் வேகமாக நீந்தும் ஒரு பென்குவினின் பெயர். ஆனால் கடலூர்க்காரனுக்கு அந்தச் சொல் வேறு ஒன்றையும் நினைவுபடுத்த வேண்டும். கம்பெனிக்காரர்கள் 1690இல் மராத்தியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை வாங்கி, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்வரை எங்கள் எல்லை என்று வளைத்துப்போட்டார்கள். குண்டு கிராமம் என்ற பேச்சு இன்னும் இருக்கிறது. சென்னைப் பக்கத்து வெள்ளையர்கள் தெலுங்கர்களையும் தெலுங்கு மொழியையும் குறிக்கப் பயன்படுத்திய சொல்தான் ஜெண்டூ. மூலம் போர்த்துக்கீசியம். ஒரு பெயரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பது பென்குவினா தெலுங்கரா இயங்குதளமா என்று சொல்ல முடியாது. பொதி தேடுவதில் உள்ள கஷ்டமும் இதுதான்.

நான் முதலில் ஜெண்டூ போட்டது பொறியியல் மூன்றாம் ஆண்டில். 2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கரையைக் கடந்தபோது என் கணினியில் கம்பைலர் தன்னைத்தானே கம்பைல் பண்ணிக்கொண்டிருந்தது. கரண்ட் போனது. எங்கள் தெருவுக்குத் திரும்பி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அரைத்த மாவு கிரைண்டரிலேயே புளித்தது. வீட்டில் இணையமும் இல்லாத காலம். ஆனால் போர்ட்டேஜில் ஒரு வசதி உண்டு: எதையும் நிறுவாமல், இறக்கவும் செய்யாமல், என்னென்ன கோப்பு எங்கெங்கிருந்து வேண்டும் என்ற முகவரிகளை மட்டும் எழுதித் தரும். கரண்ட் வந்ததும் அந்தப் பட்டியலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். வழியெல்லாம் சவுக்கு ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தது. கீழவீதி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய். பட்டியலில் இருந்த ஒவ்வொன்றையும் இறக்கி, வீட்டுக்கு வந்து அதனதன் இடத்தில் வைத்தால், கோப்பு சரிதானா என்று போர்ட்டேஜ் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் தொடும். ஒரே ஒரு கோப்பு பாதியில் அறுந்திருந்தது. உடனே சொல்லிவிட்டது. அதற்காக மறுபடி ஒரு பஸ்.

அன்றைக்கு இருபது வயதில் எனக்குப் பிடித்துப்போனது இந்தக் கறார்தான். வேகத்துக்காகவே ஜெண்டூ என்று அப்போது எல்லோரும் சொல்வார்கள். அந்த வேகத்தை நான் என்றும் கண்டதில்லை. இரண்டு நாள் கம்பைல் பண்ணி அரை நொடி மிச்சம் பிடிப்பது கணக்கில் வராத வேலை. ஜெண்டூவின் உண்மையான பெருமை அது ஒரு நல்ல பதிப்பாசிரியர் என்பது. ஒவ்வொரு பொதிக்கும் ஈபில்ட் என்று ஒரு சிறு கோப்பு. யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். மூலம் எங்கிருந்து வந்தது, உரிமம் என்ன, எதெதைச் சார்ந்து நிற்கிறது, மூலத்தில் என்னென்ன திருத்தம் செய்திருக்கிறோம் என்று எல்லாம் அதில் இருக்கும். யூஸ் கொடிகள் என்பவை கிட்டத்தட்டப் பாடபேதங்கள்: இந்த நிரல் அச்சுப்பொறியோடு பேச வேண்டுமா, வேண்டாமா, இரண்டு பாடமும் உண்டு, எதைக் கொள்வது என்பது உங்கள் முடிவு. ஒரு படம் பார்க்கும் நிரலைக் கேட்டால், அது 43 பொதிகளை இழுத்துக்கொண்டு வரப்போகிறது என்று முன்கூட்டியே மரம் போட்டுக் காட்டும். நான் படித்த எந்தப் பாடப்புத்தகமும் ஒரு கணினிக்குள் எது எதன்மேல் நிற்கிறது என்று இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை. ஜெண்டூ கையேட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எளிய ஆங்கிலத்தில் இவ்வளவு நேர்மையான தொழில்நுட்ப உரைநடை அபூர்வம்.

ஆனால் நல்ல பதிப்பாசிரியர் நல்ல நூலகராக இருக்க வேண்டியதில்லை. ஜெண்டூ மோசமான நூலகர்.

தேடும் கட்டளை பார்ப்பது பொதியின் பெயரையும் ஒரு வரி விளக்கத்தையும். அந்த ஒரு வரியும் எண்பது எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது மரபு. ஜிலிப்ஸிக்கு அந்த வரியில் க்னூவின் சி நூலகம் என்ற அளவில்தான் இருக்கிறது. பெயர் தெரிந்தவனுக்கு அது போதும். பெயர் தெரிந்தவன் தேட மாட்டான். நீண்ட விளக்கம் எழுத இன்னொரு கோப்பில் இடம் உண்டு. எந்த மொழியில் எழுதியது என்று குறிக்கும் வசதிகூட உண்டு. தமிழில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. (நான் எழுதி அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது கேட்கிறது.)

இதற்கும் கீழே, எளிதில் தீராத ஒரு சிக்கல் இருக்கிறது. டெபியன் போன்ற இடத்தில், இன்ன பெயருள்ள கோப்பு எந்தப் பொதியில் வரும் என்று நிறுவுவதற்கு முன்பே கேட்கலாம். பொதி ஏற்கெனவே சமைத்து வைத்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எண்ணிப் பட்டியல் போட்டுவிடலாம். ஜெண்டூவில் அப்படி முடியாது. நீங்கள் கம்பைல் பண்ணும்வரை பொதிக்கு உள்ளே எந்தக் கோப்பும் இல்லை. எந்தக் கொடியை ஏற்றுகிறீர்கள், எதை இறக்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து என் பொதியில் வரும் கோப்புகள் உங்கள் பொதியில் வராமல் போகும். நிறுவிய பின் இந்தக் கோப்பு யாருடையது என்று கேட்கலாம். நிறுவும் முன் கேட்டால் போர்ட்டேஜிடம் பதில் இல்லை. இதற்கு மாற்றாகச் சிலர் ஒன்று செய்தார்கள். ஏற்கெனவே கம்பைல் பண்ணி வைத்திருப்பவர்கள் தங்கள் கணினியில் எந்தப் பொதி எந்தக் கோப்புகளைத் தந்தது என்ற பட்டியலை விருப்பப்பட்டு அனுப்பலாம். அதையெல்லாம் சேர்த்து வைத்து, ஈ-ஃபைல் என்ற கருவியால் தேடலாம். அதாவது ஏட்டில் இல்லாததை, பாடிப் பார்த்தவரிடம் போய்க் கேட்பது.

இந்த இடத்தில் எனக்குத் திருமுறை கண்ட கதை நினைவுக்கு வராமல் இருக்காது. உமாபதி சிவம் பெயரில் வழங்கும் திருமுறை கண்ட புராணம் சொல்லும் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் மூவர் கை அடையாளமிட்டுப் பூட்டிக் கிடக்கின்றன. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தீட்சிதர்கள். அரசன் மூவரின் திருமேனிகளையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்கிறான். திறந்தால் புற்று. எண்ணெய் ஊற்றி, மண்ணை விலக்கி, எஞ்சியதை எடுக்கிறார்கள். அந்த அரசன் முதலாம் இராசராசன் என்பது பொது நம்பிக்கை. அவனோடு இருந்தவர் நம்பியாண்டார் நம்பி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துத் திருநாரையூர்க்காரர்.

மேடையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் எண்ணெய் ஊற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியம் அதற்கு அடுத்த கட்டம். ஏடு கிடைத்துவிட்டது, சொல் கிடைத்துவிட்டது, ஆனால் எந்தப் பதிகத்தை எப்படிப் பாடுவது என்று தெரியவில்லை. பண் ஏட்டில் இல்லை. அதைத் தேடித் திருஎருக்கத்தம்புலியூருக்குப் போகிறார்கள். இன்று இராசேந்திரப்பட்டினம் என்று விருத்தாசலம் பக்கம் இருக்கும் ஊர். ஞானசம்பந்தரோடு யாழ் வாசித்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கண்டு, அவரைத் தில்லைக்கு அழைத்து வந்து பண் அமைக்கிறார்கள். அரசன், நம்பி, மூவர் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. கம்பைல் பண்ணித் தந்த அந்தப் பெண்ணுக்குப் புராணத்தில் மரபு மட்டும்தான்.

வரலாறாக இதை அப்படியே ஏற்க முடியாது. புராணம் அரசனுக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. இராசராசனுக்கு முன்பே, பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டில், கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்கு ஏற்பாடு இருக்கிறது. பாட்டு முழுக்க மறைந்துபோய்விடவில்லை. ஆனால் கதை கட்டியவருக்கு ஒன்று தெரிந்திருக்கிறது: மூலத்தைக் கண்டெடுப்பதும் அதை இயக்குவதும் இரண்டு வேலை, இரண்டுக்கும் வேறுவேறு ஆள் வேண்டும்.

அதே காட்டுமன்னார்கோயிலில் தேடலுக்கும் ஒரு கதை உண்டு. நாதமுனிகள் அந்த ஊர். வந்த யாத்ரீகர்கள் நம்மாழ்வாரின் பத்துப் பாட்டைப் பாட, அதன் முடிவில் இது ஆயிரத்தில் ஒரு பத்து என்று வருகிறது. அப்படியானால் மீதி எங்கே? பாடியவர்களுக்குத் தெரியாது. நாதமுனிகள் தேடிப் போகிறார். ஆழ்வார்திருநகரியில் 'கண்ணிநுண் சிறுத்தாம்பு' பதிகத்தைப் பன்னீராயிரம் முறை ஓத, நாலாயிரமும் கிடைத்தது என்பது வைணவ மரபு. பன்னீராயிரம் முறை ஓதுவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை (புயல் முடிந்த மாதத்தில் நான் எமர்ஜ் கட்டளையை அடித்த எண்ணிக்கை அதற்குக் கொஞ்சம்தான் குறைவு). கையில் கிடைத்த துண்டே, நான் முழுசில்லை, என் மொத்தம் இவ்வளவு என்று சொல்கிறதே, அதுதான் இதில் பெரிய விஷயம். தேட வேண்டும் என்று தெரிவதற்கே அந்த அடிக்குறிப்பு வேண்டியிருந்தது. என் திஸ்கி கோப்புகளில் அப்படி ஒன்றும் இல்லை. நான் திஸ்கி, என்னைத் திறக்க இது வேண்டும் என்று அவை சொல்லவில்லை. என் வயதால் அடையாளம் தெரிந்தது. பத்து வயது இளையவனாக இருந்திருந்தால் கெட்டுப்போன கோப்பு என்று அழித்திருப்பேன்.

மூலநிரல் கையில் இருந்தால் எல்லாம் பத்திரம் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களிடம் கொஞ்சம் அதிகம். 2024 மார்ச் கடைசியில் அதற்கு ஒரு அடி விழுந்தது. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ஒரு கள்ளக்கதவு வைத்திருந்ததை ஆண்ட்ரஸ் ஃப்ராயிண்ட் என்ற நிரலாளர் கண்டுபிடித்தார். உள்நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று துருவியதில் அகப்பட்டது. எல்லோரும் பார்க்கும் களஞ்சியத்தில் அந்தக் கதவைத் திறக்கும் வரிகள் இல்லை. வெளியீடாகத் தந்த கட்டில் மட்டும் இருந்தன. ஜெண்டூ வழக்கமாக எடுப்பது அந்த வெளியீட்டுக் கட்டைத்தான். கோப்பு சரிதானா என்று எண்ணிப் பார்க்கும் கறாரைப் புகழ்ந்தேனே, அது உங்களுக்கு வந்ததும் அவர்கள் வைத்ததும் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கும். வைத்தவர் யோக்கியரா என்று பார்க்காது. அந்தக் கள்ள நிரல் டெபியன், ரெட் ஹாட் வகைப் பொதிகளைக் கட்டும் சூழலா என்று பார்த்து, அங்கே மட்டும் விழித்துக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது. நம்மைக் குறிவைக்கவில்லை என்று ஜெண்டூக்காரர்கள் சிலர் அன்று பெருமைப்பட்டார்கள். திருடன் வராத தெரு என்பது பெருமையா என்ன?

இன்னொரு நடைமுறையும் உண்டு. பராமரிக்க ஆள் இல்லாத, கம்பைல் ஆகாத பொதிகளைக் களஞ்சியத்திலிருந்து நீக்குமுன் ஒரு அறிவிப்பு போடுவார்கள். பெரும்பாலும் முப்பது நாள் கெடு. அந்த அறிவிப்புக்குப் பெயரே இறுதிச் சடங்குகள். பைதான் 2 போனபோது அதோடு எத்தனையோ சின்னப் பொதிகள் இப்படிப் போயின. வரலாற்றுப் பதிவில் ஈபில்ட் இருக்கும், தோண்டி எடுக்கலாம். புற்றைக் கிளற யாருக்கு நேரம் இருக்கிறது? என் நான்கு ராத்திரிகளில் நான் கிளறியது அதைத்தான்.

2023 டிசம்பர் 29 அன்று ஜெண்டூவே சமைத்த பொதிகளையும் பெருமளவில் தரப்போவதாக அறிவித்தது. பழைய ஆட்கள் பலருக்கு அது கொள்கைத் துரோகம் மாதிரி பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கரண்ட் இல்லாத ஊரில், பழைய மடிக்கணினியில், பிரவுசரை ஒன்பது மணி நேரம் கம்பைல் பண்ணுவதில் எந்தச் சுதந்திரமும் இல்லை. ஈபில்ட் அப்படியே இருக்கிறது, வேண்டியபோது பிரித்துப் பார்க்கலாம். என் குறை வேறு. இருபது வருடமாக இவ்வளவு புத்தியும் உழைப்பும் கட்டுவதற்கே போயிருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, யாருக்கு எதற்கு உதவும் என்று அறியாதவனுக்குச் சொல்லும் இரண்டு வரிக்கு ஆள் இல்லை. சி நூலகத்தின் விளக்கத்தில் பழைய தமிழ்க் கோப்புகளை மாற்றவும் இது உதவும் என்று ஒரு வாக்கியம் இருந்திருந்தால் எத்தனை வீட்டுப் பரண்கள் திறந்திருக்கும்.

கோப்புகள் மாறின. ஒரே வரிக் கட்டளை, ஒரு நொடி. பதினான்கில் ஒன்பது குடும்பக் கணக்கு: யாரை எந்த ஊரில் கட்டிக்கொடுத்தது, எந்த நிலம் எப்போது விற்றது. ஐந்து, ஆயாவின் ஒப்பாரி. அப்பா வரி பிரித்து, எண் போட்டு, புரியாத சொல்லுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தார். அவரும் பதிப்பாசிரியர்தான் போலிருக்கிறது.

போன தை மாதம் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குறிஞ்சிப்பாடியில் அத்தை வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்து முதல் பாட்டைப் படித்துக் காட்டினேன். இரண்டு வரி கேட்டுவிட்டு, "என்னடா நியூஸ் வாசிக்கிற மாதிரி வாசிக்கிற" என்றார். "நீங்க பாடுங்க அத்த, பதிவு பண்ணிக்கிறேன்" என்று போனை எடுத்தேன்.

"விளங்கும். நடு வூட்டுல உக்காந்து ஒப்பாரி வைக்கச் சொல்றியா? சாவு வூடா இது?" என்று எழுந்துவிட்டார். கொஞ்ச நேரம் அடுப்படியில் பாத்திரச் சத்தம். பிறகு புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அத எடுத்துக்கிட்டு வா, கொல்லைக்குப் போலாம்" என்றார். முருங்கை மரத்தடியில், துணி துவைக்கும் கல்லின்மேல் உட்கார்ந்து ஆரம்பித்தார். மூன்றாவது வரியில் ஒரு பெண்ணின் பெயர் வந்தது. அப்பாவின் கோப்பில் அந்த இடத்தில் கேள்விக்குறி இருந்தது.